பல்பொடியில் புகையிலை: தடையும் உண்டு, சட்டத்தில் இடமும் உண்டு

புது தில்லி: காலையில் எழுந்ததும் பல் துலக்குவது, குழந்தைகளுக்குக் கற்றுத்தரப்படும் முதல் சுகாதாரப் பழக்கம். வட மாநிலங்களின் பல சிற்றூர்களில் அந்தப் பழக்கமே புகையிலைக்கு வாசலாக அமைந்து விடுகிறது.

பிகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் பெரியவர்கள் ஈறில் தேய்க்கும் புகையிலைப் பொடிக்கு 'குல்' என்று பெயர். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்டில் புகையிலையும் வெல்லப்பாகும் கலந்த 'குடாகு' என்னும் பசை. மகாராஷ்டிரத்தில் வறுத்துப் பொடித்த 'மிஸ்ரி'. வீட்டில் பார்த்துப் பழகிய சிறுவர், சிறுமியரும் இவற்றை விரலில் தொட்டுத் தேய்க்கத் தொடங்குகின்றனர்.

பல்வலிக்கு மருந்து என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை நிற்கிறது. ஈறின் வழியாக ரத்தத்தில் கலக்கும் நிகோடின் வலியைச் சிறிது நேரம் மறக்கச் செய்கிறது. சொத்தைப் பல் அப்படியே இருக்கிறது. காலையில் ஒருமுறை என்று தொடங்குவது, நாளொன்றுக்குப் பலமுறை என்றாகிறது. மெல்லும் புகையிலையைப் போலவே இதுவும் வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும்.

இரு சட்டங்கள்

பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 1992-ல் தடை செய்தது. உற்பத்தியாளர்கள் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-ல் அந்தத் தடையை உறுதி செய்தது.

எனினும், 2003-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் அட்டவணையில் 10-வது இனமாக, 'புகையிலை கலந்த பல்பொடி' இடம்பெற்றுள்ளது. ஒரு சட்டம் அறவே கூடாது என்கிறது. மற்றொன்று எச்சரிக்கையுடன் விற்கத்தக்க பொருள்களின் வரிசையில் அதைச் சேர்க்கிறது. பல்பொடி என்று சொல்லாமல் புகையிலைப் பொருள் என்ற பெயரிலேயே 'குல்' கடைகளுக்கு வருவதற்கு இந்த இடைவெளியே வழி.

உணவுப் பொருளில் புகையிலை கூடாது என்ற 2011-ஆம் ஆண்டு விதியைக் கொண்டே மாநிலங்கள் குட்காவைத் தடை செய்தன. ஈறில் தேய்க்கும் பொடியை உணவு என்று வாதிடுவது எளிதல்ல.

பத்து வயதுக்கு முன்பே

13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களிடம் 2019-ல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், 8.5 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவது தெரியவந்தது. 2009-ல் இது 14.6 சதவீதம். சரிவு ஆறுதல் தருகிறது. ஆனால், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தியவர்களில் 52 சதவீதத்தினர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள்.

18 வயதுக்கு உள்பட்டோருக்குப் புகையிலை விற்றால், 2003 சட்டத்தின்படி அபராதம் அதிகபட்சம் ரூ. 200. அதே குற்றத்துக்கு 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு என்பதே தண்டனையைத் தீர்மானிக்கிறது.

சட்டம் மட்டும் போதுமானதல்ல. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் நடத்திய நாடு தழுவிய ஆய்வில், 15 வயதினரில் 63.1 சதவீதத்தினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. தேசிய வாய்நலத் திட்டம் 2014-15-ல்தான் தொடங்கப்பட்டது. பல் மருத்துவர் இல்லாத ஊரில் இரவு முழுவதும் பல்வலியால் தூங்காத சிறுவனுக்குக் கைக்கெட்டும் மருந்து, அடுப்படி மாடத்தில் இருக்கும் 'குல்' டப்பாதான்.

அட்டவணையில் உள்ள ஒரு வரியை நீக்க நாடாளுமன்றத்துக்கு அதிக நேரம் பிடிக்காது. அந்தச் சிறுவனின் ஊருக்கு ஒரு பல் மருத்துவர் போய்ச் சேருவதுதான் நெடுநாள் வேலை.