லின் ஃபால்ட்ஸ் வுட்

லின் ஃபால்ட்ஸ் வுட் (25 மார்ச் 1948 – 24 ஏப்ரல் 2020) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தொலைக்காட்சி ஊடகவியலாளர். நுகர்வோர் பாதுகாப்புக்காகவும் பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகவும் பரப்புரை செய்தவர். கிளாஸ்கோவில் பிறந்தார். பத்திரிகைகளில் எழுதிய பின் தொலைக்காட்சிக்கு வந்தார்.

வாட்ச்டாக்

காவல் நாய் என்று பொருள்படும் 'வாட்ச்டாக்', பிபிசியின் நுகர்வோர் நிகழ்ச்சி. 1980இல் வேறொரு நிகழ்ச்சியின் பகுதியாகத் தொடங்கி, 1985இல் தனி நிகழ்ச்சியானது. லின், தம் கணவர் ஜான் ஸ்டேபிள்டனுடன் இணைந்து 1993 வரை இதைத் தொகுத்து வழங்கினார்.

பழுதான பொருளை வாங்கியவர் தனியாகக் கடிதம் எழுதினால் நிறுவனம் பதில் தராமலே இருந்துவிடலாம். அதே பொருளைப் பற்றிப் பலர் எழுதிய கடிதங்கள் ஓரிடத்தில் சேரும்போது, குறை வாங்கியவரிடம் இல்லை, பொருளில்தான் என்பது தெரிந்துவிடும். அந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு, நாடே பார்க்கும்படி நிறுவனத்திடம் விளக்கம் கேட்பதே இத்தகைய நிகழ்ச்சிகளின் வலிமை.

நோயும் பரப்புரையும்

1990களின் தொடக்கத்தில் லின்னுக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு நாற்பது வயதைச் சற்றே கடந்திருந்தது. மகன் சிறு பிள்ளை. சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார்.

பொருள்களைப் பற்றிக் கேட்டு வந்த கேள்வியை அவர் மருத்துவத்திடமும் கேட்டார்: எந்த அறிகுறி ஆபத்தானது? அதற்குச் சான்று என்ன? மலத்துடன் இரத்தம் போனால் பலரும் மூலம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால் இரத்தப்போக்குடன், மலம் வழக்கத்தைவிட இளகி அடிக்கடி போவது பல வாரங்கள் நீடித்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூச்சத்தால் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். தொடக்க நிலையில் கண்டறிந்தால் இந்நோய் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

அறுவை மருத்துவர்களுடன் சேர்ந்து, சான்றுகளின் அடிப்படையில் அறிகுறி வழிகாட்டி உருவாக லின் உழைத்தார். 'பீட்டிங் பவல் கேன்சர்' என்ற தொண்டு நிறுவனத்தையும் தொடங்கினார். அது 2018இல் 'பவல் கேன்சர் யுகே' அமைப்புடன் இணைந்தது.

பொருள் பாதுகாப்பு ஆய்வு

ஆபத்தான பொருள்களை நிறுவனங்கள் திரும்பப் பெறும் முறையை ஆராயும் பொறுப்பைப் பிரித்தானிய அரசு 2014இல் லின்னிடம் ஒப்படைத்தது. அறிவிப்பு வெளியிட்டால் மட்டும் போதாது. பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அறிவிப்பு உரியவரைச் சேராது. அவரது அறிக்கை 2016 பிப்ரவரியில் வெளியானது. பொருள் பாதுகாப்புக்குத் தேசிய அளவில் ஓர் அமைப்பு வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 2018 ஜனவரியில் அரசு அதற்கென ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தியது.

இறுதிக்காலம்

2016இல் தமக்கு அளிக்க முன்வந்த எம்.பி.இ. விருதை லின் ஏற்கவில்லை. விருதின் பெயரில் உள்ள 'பேரரசு' என்ற சொல் இக்காலத்துக்குப் பொருந்தாது என்பது அவர் கருத்து. 2020இல் பக்கவாதத்தால் தமது 72ஆம் வயதில் காலமானார். அவருக்கு வந்த புற்றுநோய் கண்டறியப்பட்டு அப்போது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.