கேலிச்சித்திரக் கலைஞர் எங்கே?

பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கம் நீட்டிச் சொல்வதைக் கேலிச்சித்திரம் நான்கு கோடுகளில், எழுத்தறியாதவருக்கும் உணர்த்திவிடுகின்றது. அதிகாரம் அதற்கு அஞ்சுவதும் இதனாலேயாகும்.

ஊடகவியலாளரும் கேலிச்சித்திரக் கலைஞருமான பிரகீத் எக்னெலிகொட, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரு தினங்களே இருந்த வேளையில், 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமலாக்கப்பட்டார். 2009 ஆகஸ்டிலும் அவர் கடத்தப்பட்டு விடுவிக்கப்பட்டிருந்தார். அவர் வெளிநாடொன்றில் தஞ்சமடைந்துள்ளதாக 2011 நவம்பரில் ஜெனீவாவில் இலங்கைத் தரப்புப் பிரதிநிதி ஐ.நா. குழுவொன்றின் முன் கூறினார். 2012இல் நீதிமன்றில் வினவப்பட்டபோது அக்கூற்றுக்கு அவரால் ஆதாரம் காட்ட இயலவில்லை. இராணுவப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்தோர் மீது 2019இலேயே குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது.

இத்தனை ஆண்டுகளும் நீதிமன்றப் படியேறி வருபவர் அவரது மனைவி சந்தியா. 2022 ஜனவரியில், கொட்டாஞ்சேனைக்கு அண்மித்த மோதரை காளியம்மன் ஆலயத்தில் அவர் தலைமுடி மழித்து நீதி வேண்டினார். சிங்களப் பெண்ணொருவர் தமிழர் வழிபடும் சந்நிதியில் முறையிட நேர்ந்தமை, மனிதரின் மன்றங்கள் மீதான குற்றச்சாட்டேயன்றி வேறன்று.

வெள்ளை வான் தந்த அச்சத்தை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் நன்கறியும். 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அயலிலும் கடத்தப்பட்ட 11 பேருள் தமிழரும் முஸ்லிம்களும் அடங்குவர். அவர்தம் அன்னையர் கேட்பதும் சந்தியா கேட்பதும் ஒரே கேள்வியே. இனம் பாராது வந்த கொடுமைக்கு இனம் பாராது குரல் எழுப்புவதே நமது கடன்.