உங்களுக்குத் தெரியுமா? இறக்கை வந்த பிறகும் தோலுரிக்கும்!

இறக்கை முளைத்துப் பறந்த பிறகு மறுபடியும் தோலுரிக்கும் பூச்சி வகை இன்று உலகில் ஒன்றே ஒன்றுதான்: மேஃபிளை. (ஈசல் அல்ல, அது கறையான்.)

• நீரிலிருந்து எழுந்ததும் இறக்கை சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக இருக்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மீண்டும் தோலுரிக்கும். அப்போது இறக்கையின் மேல்தோலும் சேர்ந்து கழலும், உள்ளிருந்து கண்ணாடிபோல் பளபளக்கும் இறக்கை வெளிவரும். அந்தச் சில நிமிடங்கள் படத்தில் விழுவது பெரும் பேறு. கேமராவோடு காத்திருங்கள், தொடாதீர்கள்.

• நீருக்குள் வாழும் இளம்பூச்சிக்கு அடையாளம்: வயிற்றோரச் செவுள்கள், பெரும்பாலும் மூன்று வால் இழைகள். அதைப் படமெடுக்க வெள்ளைத் தட்டில் சிறிது ஓடைநீர், பக்கவாட்டு வெளிச்சம் போதும்.

• வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை. அமெரிக்காவின் டொலானியா வகைப் பெண்பூச்சி நீரை விட்டெழுந்து 5 நிமிடம்கூட வாழ்வதில்லை.