பஞ்சு இருந்த பெட்டிக்குள் கரி

1950களின் தொடக்கத்தில் நல்ல பேஸ் கேட்க ஆசைப்பட்டவர், பீரோ அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வைக்க வீட்டில் இடம் தேட வேண்டியிருந்தது. 1954இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், ஏஆர்-1 என்ற சிறு பெட்டியால் அந்த நிலையை மாற்றியது. காற்றுப் போகாமல் மூடிய பெட்டி. முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கோனைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங், உள்ளே அடைபட்ட காற்றேதான். உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு.

அந்தப் பஞ்சு வெறும் அடைப்பு அல்ல. கோன் உள்ளே வரும்போது காற்று அழுந்திச் சூடாகிறது. சூடானால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். இழைகள் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வதால் விறைப்பு குறைந்து, பெட்டி தன் அளவைவிடப் பெரிதானதுபோல் இயங்கும். எவ்வளவு திணித்தாலும் இந்த ஆதாயம் 1.4 மடங்கைத் தாண்டாது. நடைமுறையில் அதுகூடக் கிட்டாது. பிறகு கம்பளியும் பாலியெஸ்டரும் வந்தன. வரம்பு அப்படியே இருந்தது.

அதைத் தாண்ட வழி காட்டியது கரி. தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் அதே ஆக்டிவேட்டட் கார்பன்தான்; அதைக் கொட்டாங்குச்சியிலிருந்தும் செய்வார்கள். ஒரு கிராம் கரியின் நுண்துளைகளுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது. அழுத்தம் கூடும்போது காற்றின் மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன, குறையும்போது விடுபடுகின்றன. ஒட்டியிருக்கும் மூலக்கூறு கோனை எதிர்த்துத் தள்ளாது. பேஸ் மெதுவான அசைவு என்பதால் ஒட்டவும் விடவும் அவகாசம் கிடைக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: எந்த ஒலிக்குப் பெட்டி போதவில்லையோ, அந்த ஒலிக்கே கரி உதவுகிறது. இங்கிலாந்தின் கெஃப் நிறுவனம் ‘ஏஸ்’ என்ற பெயரில் இதை வளர்த்து, 2007இல் வந்த இரண்டு மீட்டர் உயர மியூவான் ஸ்பீக்கரில் பயன்படுத்தியது.

ஈரம்தான் தொல்லை. துளைகளில் நீராவி நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை. இன்றும் பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்களைத் திறந்தால் பஞ்சுதான் இருக்கும்.

இதே உத்திக்கு உண்மையான தேவை செல்போனில் இருக்கிறது என்பேன். வீட்டு ஸ்பீக்கரில் இடம் போதாவிட்டால் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். செல்போனில் ஸ்பீக்கருக்குப் பின்னால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர் காற்று. பல போன்களில் அந்த அறைக்குள் சியோலைட் என்ற கனிமத்தின் பொடிமணிகளை நிரப்புகிறார்கள். கரி செய்த அதே வேலையை அவை செய்கின்றன.