மகனை நம்புவதா, கடதாசியை நம்புவதா?

அஸர் தொழுதுவிட்டுக் கல்முனைக்குடிப் பள்ளிவாசல் படியிறங்கும்போது ஒரு தந்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் வளைகுடா நாடொன்றில் வைத்தியசாலைத் துப்புரவு வேலை செய்கிறார். அங்கே எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் மதுசாரத்தின் அடையாளம் இருந்ததாம். “மௌலவி, என்ட மகன் சத்தியம் பண்றான். அவன நம்புறதா, அந்தக் கடதாசிய நம்புறதா?”

அன்பு வாசகர்களே! குடித்த மதுசாரம் சில மணித்தியாலங்களில் இரத்தத்தை விட்டு நீங்கிவிடும். நம் நாட்டுப் பொலிசார் சாரதிகளை ஊதச் சொல்லிப் பார்ப்பது அந்த நேரத்துப் போதையைத்தான். ஆனால் ஈரல், மதுசாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவானதை எதைல் குளுக்குரோனைட் என்னும் பொருளாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. நிறையக் குடித்தவரிடம் இது மூன்று நாள் வரை தென்படும். வெள்ளிக்கிழமை இரவு குடித்தவரைத் திங்கட்கிழமை காலையிலும் பிடித்துவிடலாம்.

வம்பும் இந்த நுட்பத்தால்தான் வந்தது. மதுசாரம் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தும், சில இருமல் பாணிகளும், கையில் பூசும் சனிடைசரும் இதே அடையாளத்தை விடக்கூடும். (2020இல் கொரோனாக் காலத்தில் சனிடைசர் போத்தல் இல்லாத வாசல் எது?) இதை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்க வேண்டாமென அமெரிக்க அரசின் போதைப்பொருள், மனநல சேவைகள் நிறுவனம் 2006இல் எச்சரித்தது. 2011இல் வெளியான புளோரிடா ஆய்வொன்றில் 11 பேர் மூன்று நாட்கள், நாளுக்குப் பத்து மணித்தியாலம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சனிடைசர் பூசினார்கள். குடிக்கவில்லை. அப்படியிருந்தும் ஒருவருடைய சிறுநீரில் மில்லிலீற்றருக்கு 2000 நனோகிராம் அளவுக்கு வந்தது. பல ஆய்வுகூடங்கள் வைத்திருக்கும் எல்லையோ 500தான்.

நம் இமாம்களின் பழைய விவாதம் ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. வாயில் மதுவின் மணம் வந்தால் அதுவே தண்டனைக்குச் சான்றாகுமா? ஆகும் என்றார் இமாம் மாலிக் (ரஹ்). ஷாபிஈ, ஹனபி அறிஞர்கள் மணம் மட்டும் போதாது என்றார்கள். வாய் கொப்பளித்துத் துப்பியிருக்கலாம், பலவந்தமாகப் புகட்டப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

தந்தையிடம் இரண்டு விடயம் கேட்டு வரச் சொன்னேன். அறிக்கையில் உள்ள எண் என்ன? எதைல் சல்பேட் என்னும் இரண்டாவது அடையாளத்தையும் பார்த்தார்களா? அந்த ஆய்வில் சனிடைசர் பூசியவர்களிடம் அது மிகக் குறைவாகவே இருந்தது. எண் பத்தாயிரங்களில் இருந்தால் சனிடைசர் கதை எடுபடாது, அப்போது மகனிடம் வேறு பேச்சுத்தான் பேச வேண்டிவரும் என்பதையும் நான் மறைக்கவில்லை.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. இரவே மகனுக்குக் கோல் எடுத்துக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.