கல்லாகிய மரமும் கடலாயிருந்த நிலமும்

தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்கு மண்ணைத் தெரியும், கல்லைத் தெரியாது. ஆற்றுப் பாசன வயலைத் தோண்டினால் வண்டலும் மணலுமே வரும். பெரிய கோயிலின் கருங்கற்கள்கூட வெளியிலிருந்து வந்தவையே. கல்லின் கதையைப் படிக்க நாம் வடக்கே போக வேண்டும்.

தஞ்சையிலிருந்து அரியலூர் செல்லும் பேருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்து ஆறுகளைத் தாண்டி, திருமானூருக்கு முன் கொள்ளிடத்தையும் கடக்கிறது. அதன்பின் வயல்கள் குறைந்து மண் சிவக்கிறது. அரியலூரில் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிர்ப்படுகின்றன. அந்தக் கல் யாது? கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதே அது. ஆம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது!

அங்கிருந்து மேற்கே, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரை அடைந்தால் கண்முன் வேறோர் உலகம் விரிகிறது. மரமற்ற களிமண் மேடுகள். அவற்றை அறுத்தோடும் எண்ணற்ற பள்ளங்கள். இடையே வெள்ளைக் கோடுகளாக ஜிப்சம். கடலடியில் சேறாகப் படிந்த இந்நிலம், கடல் பின்வாங்கிய பின் மழைநீரால் அரிக்கப்பட்டு இவ்வுருவம் பெற்றது. கணவாய் மீனின் பழைய உறவான பெலம்னைட்டின் எச்சங்கள், துப்பாக்கித் தோட்டாவைப் போல இங்கே கிடைக்கின்றன.

அருகிலுள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாய்க் கிடக்கிறது. 1940இல் இதனை அறிவித்தவர் தஞ்சை மண்ணில் பிறந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் ஆவார். 1951இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவரும் இவரே.

மரம் எவ்வாறு கல்லாகும்? நீரில் அடித்து வரப்பட்ட மரம் கடற்சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மட்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படிந்தது. மரப்பொருள் மறைந்தது, அதன் வடிவம் மட்டும் கல்லில் நிலைத்தது.

நண்பர்களே! அங்கே செல்வோர் நினைவுக்கென்று ஒரு கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதுண்டு. அது தவறு. ஒரு படிவத்தின் வயதைச் சொல்வது அது கிடந்த அடுக்கே. அடுக்கைவிட்டுப் பிரிந்த படிவம், பதிவேட்டிலிருந்து கிழித்த தாளைப் போன்றது; நாளும் தெரியாது, முன்பின்னும் தெரியாது. ஆகவே பார்ப்போம், வரைவோம், குறித்துக்கொள்வோம், எடுக்க வேண்டாம். அறுத்த வயலில் அடுத்த போகம் விளையும். எடுத்த படிவம் மீண்டும் விளையாது.