மிச்சமிருந்த நாலு படம்

"மூணு மாசம் ஐரோப்பா போயிட்டு வந்தீங்களே அக்கா, என்ன கொண்டு வந்தீங்க?" என்று நெய்வேலியில் எங்கள் வட்டத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சாக்லேட் இரண்டே நாளில் தீர்ந்தது. தீராமல் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் போட்டோ!

2019 கோடையில் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம். விசா தொண்ணூறு நாளுக்குத்தான். பேரனுக்கு அப்போது ஒரு வயது. அவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டே பாதி ஊரைச் சுற்றிவிட்டோம். டிராமில் தள்ளுவண்டி நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரி வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியதில்லை. என் முழங்கால்தான் முதல் வாரம் முணுமுணுத்தது. புடவைக்குக் கான்வாஸ் ஷூவா என்று கூச்சப்பட்டேன். வலி விட்டதும் கூச்சமும் விட்டுப் போயிற்று. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மொத்த நாளுக்கும் வேண்டியதை டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரி, போட்டோவுக்கு வருகிறேன்.

கொலோன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அந்த ஊர்ப் பெரிய தேவாலயம் முகத்துக்கு நேரே நிற்கிறது. 1248-ல் ஆரம்பித்து 1880-ல்தான் கட்டி முடித்தார்கள். உயரம் 157 மீட்டர். கோபுரத்துக்கு 533 படி. நான் ஏறவில்லை, ஏறி இறங்கியவர்களின் முகத்தைப் படம் பிடித்தேன், அதுவே வேடிக்கை! பக்கத்தில் நின்று எடுத்தால் கோபுரத்தின் தலை வெட்டுப்படும். பாலத்தில் நடந்து ரைன் நதியின் அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் முழுசாக அடங்கும். இந்த யுக்தி 1984-ல் இவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த வருஷம் இவர் சுரங்க மிஷின் பயிற்சிக்காக மேற்கு ஜெர்மனி போனார். நம் நெய்வேலியில் மண்ணை வாரும் பெரிய சக்கர மிஷின்களுக்கு அந்த நாடுதான் தாய் வீடு. சிநேகிதரிடம் இரவல் வாங்கிய காமிரா; 36 படம் எடுக்கும் ஒரே ஒரு ஃபிலிம் ரோல். எண்ணி எண்ணி எடுத்திருக்கிறார். பத்தொன்பது படம் மிஷின்! தலையில்லாத தேவாலயம் இரண்டு. மிச்சம், கோட்டு போட்ட நண்பர்கள். நாலு படம் மீதி வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

அப்போது சுரங்கத்துக்காக என் பிறந்த ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வேறிடத்தில் மனை கிடைத்துவிட்டது. "என்னங்க, அந்த நாலு படத்துல எங்க வீட்டை எடுத்துடுங்களேன்" என்றேன். "திண்ணையையும் ஓட்டையும் போய் யாராவது போட்டோ எடுப்பாங்களா? பாப்பா பொறந்த நாளுக்கு வெச்சுக்கலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாப்பா கேக் வெட்டும் நாலு படம் ஆல்பத்தில் இருக்கிறது. வீடும், கிணற்றடிப் பலாமரமும் இல்லை.

பாரீஸில் மோனலிசா ஓவியத்தை எடுக்கக் கையை உயர்த்தி உயர்த்தி, கடைசியில் என் போனில் விழுந்தது இருபது பேருடைய போன்கள்தான். 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள சின்னப் படத்துக்கு அவ்வளவு கூட்டம். ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் ஒளிந்திருந்த வீட்டுக்குள் படம் எடுக்கவே கூடாது. அந்த வீடுதான் எனக்கு மூலை முடுக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொலோனுக்கு மேற்கே கார்ஸ்வெய்லர் என்ற இடத்துக்கு மகள் காரில் கூட்டிப் போனாள். அங்கேயும் நம்மைப் போலவே பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். விளிம்பில் நின்று பார்க்க மேடை கட்டியிருக்கிறார்கள். 1978-ல் செய்த 'பாகர் 288' என்ற மிஷின் அந்தச் சுரங்கத்தில்தான் வேலை செய்கிறது என்றார் இவர். 96 மீட்டர் உயரம், 13,500 டன் எடையாம். பேரனைவிட இவர்தான் அதிகம் துள்ளினார்.

அந்தச் சுரங்கத்துக்காக இம்மெராத் என்ற ஊரைக் காலி செய்திருக்கிறார்கள். அதன் இரட்டைக் கோபுரத் தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்துவிட்டார்கள். ஜனங்கள் குடியேறிய இடத்துக்கும் இம்மெராத் என்றே பெயர். மகளோடு வேலை பார்க்கும் பெண்ணின் தாயார் அங்கே இருந்தார். காபி கொடுத்துவிட்டு, ஒரு தடிமனான ஆல்பத்தைக் கொண்டு வந்து வைத்தார். பழைய வீடு! காலி செய்யும் முன்பு ஒவ்வோர் அறையாக எடுத்திருக்கிறார். சமையலறை அலமாரி, தேய்ந்த மாடிப்படி, பிள்ளைகள் வளர வளர உயரம் குறித்த பென்சில் கோடுகளோடு ஒரு கதவு. அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள். கதவுப் படம் வந்ததும் இவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

திரும்பும்போது காரில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு இவராகவே, "அன்னைக்கு எடுத்திருக்கணும்" என்றார். முப்பத்தைந்து வருஷம் கழித்து! கோபம் வரவில்லை எனக்கு. அன்றைக்கு நானும் ஒரு வார்த்தை கூட அழுத்திச் சொல்லவில்லையே.

அதன் பிறகு நான் எடுத்த படங்களே வேறு. மகளின் அடுப்பு மேடை, பேரன் எட்டிப் பிடிக்கும் குழாய், தினமும் 'குட்டன் மோர்கன்' சொல்லும் ரொட்டிக் கடை அம்மாள். "இதையெல்லாம் எதுக்கும்மா எடுக்கறே?" என்று மகள் சிரித்தாள். போனில் கிடந்தால் போன் போகும்போது படமும் போய்விடும் என்று ஐம்பது படத்தைப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதியும் பேரும் எழுதிவைத்தேன்.

கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1937 முதல் நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த காந்திஜியின் படச் சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940-ல் முழுப் படமாக வெளியிட்டார். தேடினால் கிடைக்க, முதலில் யாராவது எடுத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டை யார் எடுத்திருப்பார்கள்?

ஆனாலும் ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்கள் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து அண்ணியின் கல்யாண ஆல்பம் இறங்கியது. பாதி செல்லரித்த கறுப்பு வெள்ளைப் படம். மாப்பிள்ளை அழைப்பு எங்கள் தெரு வழியாகப் போயிருக்கிறது. அண்ணனின் தோளுக்குப் பின்னால் எங்கள் திண்ணைத் தூண், ஒரு கையளவு கதவு, அதைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் ஒரு வளையல் கை.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அத்தை கையா?" என்றார். அம்மா கைதான்.